இலையில்லாத பதினைந்து நாள்

என் தங்கை ரம்பாயின் புருஷன் சரூனைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. பனையேறி. எங்கள் சத்திங்ப்ராவில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே எந்த வயலில் நின்று பார்த்தாலும் பனைதான். பனையேறிகளுக்கு ஒரு குறைவும் கிடையாது. ஆனால் எங்கள் குடும்பத்து ஆண்களில் நான் மனசார நன்றி சொல்ல வேண்டிய ஆள் ஒருவன் உண்டு என்றால் அது அவன்தான். எங்கள் அப்பா இதைப் படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும்.

அவனை மாப்பிள்ளையாகத் தேர்ந்தெடுத்ததே அப்பாதான். அப்போது ரம்பாயைக் கேட்டு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவனுக்குச் சொந்த நிலம் இருந்தது, கூடவே கஞ்சாவும் இருந்தது. இன்னொருவன் சரூன். தகப்பன் இல்லாதவன், பதினாலு வயதிலிருந்து மரம் ஏறுகிறவன். கையில் இருந்தது ஒரு பாளைக்கத்தியும், மடியில் ஒரு கட்டு கிராத்தோம் இலையும்தான். வெயிலில் உழைக்கிறவர்கள் களைப்புத் தெரியாமல் இருக்க மெல்லுகிற அதை எங்கள் பக்கத்தில் வெறுமனே இலை என்றுதான் சொல்வோம்.

அப்பா அன்றைக்குச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "கஞ்சா இழுக்கிறவன் நிழலைத் தேடிப் படுப்பான். இலை மெல்றவன் வெயில்ல நின்னு வேலை பாப்பான். எம் பொண்ணுக்கு வெயில்ல நிக்கிறவன் போதும்" என்றார். இதை அவர் மட்டும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோரும் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள். பெண் பார்க்க வந்த அன்று அப்பா அவனிடம் கேட்டது இவ்வளவுதான்.

"ஒரு நாளைக்கு எத்தனை இலை?"

"இருபது இருக்கும் மாமா."

"நரம்பைக் கிழிச்சுட்டுத்தானே மெல்றே?"

"கிழிச்சுட்டுத்தான்."

"அப்போ சரி. ஒரு குறையும் வராது."

நடுநரம்பை உரித்துவிட்டு, ஒரு சிட்டிகை உப்பு வைத்து மென்று, சாற்றை விழுங்கி சக்கையைத் துப்பிவிட்டால் இலை ஒன்றும் செய்யாது என்பது எங்களவர்களின் நம்பிக்கை. நரம்போடு விழுங்கினால்தான் வயிற்றில் சக்கை சேர்ந்து பை கட்டும் என்பார்கள். பை கட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும், மீதி எல்லாம் வெறும் இலைதான். நானும் அப்படித்தான் நம்பினேன். கல்யாணத்தன்று முதலில் கைதட்டியவளும் நான்தான்.

அப்பா கணித்தது ஒரு விதத்தில் சரியாகவே நடந்தது. சரூன் விடிந்ததும் நான்கு இலையை வாயில் அடக்கிக்கொண்டு, மரத்தோடு கட்டிய மூங்கில் கழியில் கால் வைத்தான் என்றால் இருபத்திரண்டு மரம் ஏறி இறங்கிவிட்டுத்தான் நிற்பான். சாயங்காலம் மறுபடி அதே இருபத்திரண்டு. நடுவில் பதநீர் காய்ச்சும் அடுப்புக்கு விறகு பிளப்பான். உச்சி வெயிலில் அவனைப் பார்த்தால் நமக்குத்தான் தலை சுற்றும். இப்படி ஒரு மருமகன் யாருக்குக் கிடைப்பான் என்று அப்பா டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இருபது இலை முப்பதானது, முப்பது நாற்பதானது. நான்கு வருஷத்துக்கு முன்னால் இலைக்கு இருந்த தடையை அரசாங்கம் எடுத்தது. அதுவரை போலீஸ் வந்தால் நிழல் மரம் என்று சொல்லிச் சமாளித்த இலை மரங்கள் எல்லாம் கொல்லையில் நிமிர்ந்து நின்றன. சாலையோரத்தில் இலையைக் கட்டுக் கட்டாக விற்றார்கள், காய்ச்சிப் பாட்டிலில் அடைத்தும் விற்றார்கள். சரூன் அறுபது இலையில் வந்து நின்றான். கன்னம் இரண்டும் அடுப்பு மேலே மாட்டிய சட்டி மாதிரி கறுத்துவிட்டது. காலையில் சோறு இறங்காது. கொல்லைப் பக்கம் போய் ஐந்து நாள், ஆறு நாள் ஆகும். வாய் எப்போதும் வறண்டிருக்கும். மேகம் கறுத்தால் போதும், நடுங்கிக்கொண்டு போர்வைக்குள் புகுந்துவிடுவான். "சரூனு, மழை வருது, ஓடிப் போய் ரம்பாய் முந்தானைக்குள்ள ஒளிஞ்சுக்கோ" என்று ஊரே கேலி செய்யும். இலை மெல்லுகிற எல்லோரும் மழைக்குப் பயப்படுவார்கள் என்பதால் அதை யாரும் வியாதியாக நினைத்ததில்லை.

என் வெட்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நான் ஊர் சுகாதாரத் தொண்டர். பன்னிரண்டு வருஷமாக மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்துப் படிவம் நிரப்புகிறவள். சாராயம் உண்டா, சிகரெட் உண்டா, போதை மருந்து உண்டா என்று கேட்பேன். சரூன் மூன்றுக்கும் தலையை ஆட்டி மறுப்பான். கடைவாயில் இலையை ஒதுக்கிக்கொண்டேதான் மறுப்பான். நானும் நல்ல ஆரோக்கியம் என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். அவன் பொய் சொன்னதாக அவனும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அவன் அறுபது இலையில் நின்ற அந்த வருஷம் மழைக்காலத்தில் அவர்களுடைய ஒரே மகள் நாராவுக்கு டெங்கு வந்தது. ஏழு வயதுக் குழந்தை. மூன்றாம் நாள் பல்லிடுக்கில் ரத்தம் கசிந்தது. அப்பாதான் அவளை மோட்டார்சைக்கிளில் நடுவே உட்காரவைத்து, ரம்பாய் பின்னால் பிடித்துக்கொள்ள, கொட்டும் மழையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து டாக்டர் வெளியே வந்து, இந்த ராத்திரி தாண்டினால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரம்பாய் எங்கள் ஊர் விகாரை இருக்கும் திசையைப் பார்த்துத் தரையில் விழுந்து வேண்டிக்கொண்டாள். குழந்தை பிழைத்தால் அவள் அப்பா பதினைந்து நாள் துவராடை உடுத்தித் துறவியாக இருப்பார் என்பது வேண்டுதல். இது எங்கள் வழக்கம்தான். ஆனால் அதே நேரம் வராந்தாவின் இன்னொரு மூலையில் சரூன் தனியாக ஒன்றை வேண்டிக்கொண்டான். அந்தப் பதினைந்து நாளும் இலையைத் தொடமாட்டேன், தொட்டால் என் மகள் எனக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறான். வாயில் இலையை அடக்கிக்கொண்டேதான் சொன்னானாம். நினைத்தால் நிறுத்திவிடலாம், இது என்ன பெரிய விஷயம் என்றுதான் அப்போது நினைத்திருக்கிறான். இதை அவன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

நாரா பிழைத்தாள். அதற்கு யாருக்கெல்லாம் நன்றி சொல்வது? பெயர் தெரியாத அந்த டாக்டருக்கு, ராத்திரி முழுக்க மருந்து சொட்டும் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்ற நர்சுக்கு, ரத்தம் கொடுத்தவர்களுக்கு. மாசி பிறக்கும் சமயத்தில், பனை நன்றாகச் சுரக்கிற பருவத்தில், வேண்டுதல் கடனைத் தீர்க்கச் சரூன் தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்டு விகாரைக்குப் போனான். துறவு கொடுக்கும்போது விகாரைத் தலைவரான பெரிய சாமி வழக்கமான கேள்விகளைக் கேட்டார். குஷ்டம் உண்டா, கட்டி உண்டா, படை உண்டா, க்ஷயம் உண்டா, வலிப்பு உண்டா? ஒவ்வொன்றுக்கும் அவன் மனப்பாடம் செய்த பாலி மொழியில் இல்லை என்றான். புத்தர் காலத்துப் பட்டியலிலும் அவனுடைய கோளாறு இல்லை, என் படிவத்திலும் இல்லை.

துவராடை ஏறிவிட்டால் தங்கை புருஷனானாலும் அவர் சாமி. அப்பாவே தரையில் முட்டிபோட்டு மருமகனைக் கும்பிட வேண்டும். நானும் அந்த நாட்களைச் சொல்லும்போது மரியாதையாகவே சொல்கிறேன்.

இரண்டாம் நாள் சாயங்காலப் பிரார்த்தனையில் புதுச் சாமியின் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் வழிந்தது. பாராயணம் முடியும்வரை நிற்கவில்லை. துவராடையின் ஓரத்தால் மூக்கைத் துடைப்பதும், மறுபடி கைகூப்புவதுமாக இருந்தார். உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் உருகிவிட்டார்கள்.

"மகளைக் காப்பாத்திக் குடுத்த தம்மத்தை நெனச்சு அழுகுறாரு பாருங்க" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

நானும் அழுதேன். பன்னிரண்டு வருஷம் தொண்டராக இருந்த லட்சணம் அது.

மூன்றாம் நாள் விகாரைக்குக் கூட்டம் வந்துவிட்டது. பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் இனிப்பும் கஞ்சியும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புதுச் சாமிக்குத் தோள் துள்ளியது, கால் உதறியது. உள்ளே ஏதோ சக்தி இறங்குகிறது என்று கிசுகிசுத்தார்கள். பதினாறாம் தேதி லாட்டரிக் குலுக்கல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. சாமியின் செய்கையில் பரிசு எண் ஒளிந்திருக்கும் என்று, அவர் மூக்கைத் துடைத்ததை எண்ணி ஏழு என்று ஒருத்தி குறித்துக்கொண்டாள். கொட்டாவியை எண்ணிய கோஷ்டியும் இருந்தது.

நான்காம் நாள் காலையில் அவர் பிச்சைக்கு வந்தபோது பாத்திரத்தின் மூடி கடகடவென்று ஆடியது. சோற்றை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். உதடு வெளுத்து, கண் குழிந்து, வியர்வை வழிந்தது. இது பக்தி இல்லை என்று அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. ஆனால் நான் பெண். சாமியைத் தொட்டு ரத்த அழுத்தம் பார்க்க முடியாது. அப்பாவைத்தான் இழுத்துக்கொண்டு போனேன். பெரிய சாமி வெற்றிலை மென்றுகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் ஐந்து முழம் தள்ளி உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அப்பா ரத்த அழுத்தப் பட்டையைப் புதுச் சாமியின் கையில் சுற்றினார்.

"தலைகீழா மாட்டியிருக்கீங்க அப்பா. குழாய் கீழ வரணும்."

"அறுபது வருஷமா கயிறு கட்டி மரம் ஏறினவன். எனக்கே சுத்தச் சொல்லித் தர்றியா?"

"ஐயோ, முடிச்சுப் போடாதீங்க! ஒட்டினா போதும்."

"ஒட்டறதா? இதெல்லாம் ஒரு கட்டா?"

மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு போய்விட்டது. அழுத்தமும் அதிகம், நாடியும் ஓட்டமாக ஓடியது. "சாமி, என்ன செய்யுது? உண்மையைச் சொல்லுங்க" என்றேன்.

"எலும்புக்குள்ள எறும்பு ஓடுது சம்லி அக்கா. காலை நீட்டினா மடக்கத் தோணுது, மடக்கினா நீட்டத் தோணுது. மூணு ராத்திரியா கண்ணு மூடல. வயிறும் கழியுது."

"அப்போ அன்னிக்கு அழுதது?"

"நான் எங்க அழுதேன்? அதுபாட்டுக்கு ஒழுகுது."

பெரிய சாமி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "நான் முதல் நாளே கண்டுபிடிச்சுட்டேன்" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் சாமி ஊர்க்காரங்ககிட்டச் சொல்லல?"

"சொன்னா கஞ்சி யார் கொண்டாருவா? இவனுக்கு இப்ப கஞ்சிதான் இறங்குது."

அப்பா பட்டையைப் பிய்த்து எடுத்துவிட்டு மருமகன் பக்கம் குனிந்தார். "நாலே நாலு இலை சாமி. மருந்துன்னு நெனச்சு மென்னுட்டாப் போச்சு. இலை மெல்லக் கூடாதுன்னு துறவிங்களோட விநய விதியில எங்கயாவது எழுதியிருக்கா பெரிய சாமி?"

"எழுதல. அந்த ஊர்ல இந்த மரம் இருந்திருக்காது" என்றார் பெரிய சாமி.

புதுச் சாமி மட்டும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஏன் என்று சொல்லவில்லை.

நான் நேராக சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே நர்ஸ் அனோங், என்னைவிடப் பத்து வயது சின்னவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"அறுபது இலையை ஒரே நாள்ல விட்டாரா? கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சிருக்கணும் அக்கா. உடம்பு அதுக்குப் பழகிப்போச்சு. இலைதானேன்னு நாம சொல்றோம், உடம்புக்கு அது தெரியாது. சாராயத்தை விட்டவனுக்கு வர்ற மாதிரி இவருக்கும் வரும். முதல் அஞ்சாறு நாள் ரொம்பக் கஷ்டம். அப்புறம் மெதுவா இறங்கும்."

"உயிருக்கு ஒண்ணும் ஆகாதே?"

"பெரும்பாலும் ஆகாது. ஆனா நெஞ்சு அடைக்குது, வலிப்பு வருது, பேச்சு குழறுதுன்னா யோசிக்காம வண்டியை எடுங்க. இல்லேன்னா நாலஞ்சு இலையை மறுபடி ஆரம்பிச்சு வாரா வாரம் குறைக்கலாம். அதுல ஒண்ணும் கேவலம் இல்ல."

அவளே சாயங்காலம் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனில் பேசி, அவர் சொன்னபடி வலிக்கும் தூக்கத்துக்கும் வயிற்றுக்கும் மாத்திரை கொடுத்தனுப்பினாள். அனோங்குக்கு நான் செலுத்த வேண்டிய நன்றி இன்னும் பாக்கி நிற்கிறது. ஐந்தாம் நாள் அந்த மாத்திரைகளையும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரையும் கொண்டுபோய், பெண் நேராகக் கையில் கொடுக்கக் கூடாது என்பதால் புதுச் சாமி விரித்த துணியில் வைத்தேன். குறைத்துக் குறைத்து விடலாம், நாலு இலை மெல்லலாம் என்று நர்ஸ் சொன்னதையும் சொன்னேன். பெரிய சாமி மட்டும் பக்கத்தில் இருந்தார். அப்போதுதான் புதுச் சாமி அந்த வராந்தா வேண்டுதலை எனக்குச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. "டெங்கு கொசுவால வந்துச்சு, டாக்டரால போச்சு. நீங்க நாலு இலை மென்னதுக்காக அது திரும்பி வருமா? நான் பன்னெண்டு வருஷமா வீடு வீடாத் தொட்டித் தண்ணியக் கொட்டிக்கிட்டு இருக்கேன் சாமி, என்கிட்டயா இதைச் சொல்றீங்க?"

"நீங்க சொல்றது எனக்கும் புரியுது அக்கா. ஆனா நான் மென்னுட்டு வீட்டுக்குப் போயி, நாளைக்கு அவ ஒரு தும்மல் போட்டாக்கூட, அந்த வீட்டுல நான் எப்படி இருப்பேன்?"

"ரம்பாய்கிட்டச் சொல்லிடாதீங்க" என்றார். "நான் தாங்காமப் போயிட்டா, அந்தப் பயம் அவளுக்கும் ஒட்டிக்கும். என்னோட போகட்டும்."

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. அவர் தவறினால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர் என்ன ஆவார் என்பதும் தெரியும்.

பதினாறாம் தேதிக் குலுக்கலில் ஏழு எங்கேயுமே வரவில்லை. மறுநாள் கூட்டம் பாதியாகிவிட்டது. கொட்டாவிக் கோஷ்டியைக் காணவே காணோம். அதற்கும் நான் நன்றி சொல்லிக்கொண்டேன். அன்று ஆறாம் நாள். காலைச் சாப்பாட்டுக்கு விகாரையில் நாங்கள் ஏழெட்டுப் பேர்தான் இருந்தோம். புதுச் சாமி பாத்திரத்திலிருந்து வாழையிலையில் மடித்த ஒட்டரிசிப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே அரிசி இல்லை. ஐந்து இலை இருந்தது. பச்சை மாறாத இளம் இலை. நடுநரம்பை நகத்தால் சுத்தமாக உரித்து, உப்புத் தூவி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது.

யார் வேலை என்று கேட்கத் தேவையே இல்லை. அப்பா தூணோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திரத்தில் விழுந்ததைத் துறவி ஒதுக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டிருக்கிறார். கெட்ட எண்ணத்தால் இல்லை. மருமகன் படும் பாட்டைப் பார்க்க முடியாமல், நரம்பை எல்லாம் உரித்து அவ்வளவு பக்குவமாக மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

புதுச் சாமி அந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு ஏறி இறங்கியது. விரல் ஒன்று முதல் இலையின் ஓரத்தைத் தொட்டது. எழுந்து ஓடிப்போய்ப் பிடுங்கிவிடலாமா என்று எனக்குத் துடித்தது. பெரிய சாமி என்னைப் பார்த்து லேசாகக் கையைக் காட்டினார், இரு என்று.

"பெரியவரே, கிட்ட வாங்க" என்றார் புதுச் சாமி.

அப்பா முட்டியாலேயே நகர்ந்து போனார். மற்றவர்களுக்குக் கேட்காத தணிந்த குரலில் புதுச் சாமி சொன்னது முன்னால் இருந்த எனக்குக் கேட்டது.

"நீங்க குடுத்தது எனக்கு வந்து சேந்துச்சு. புண்ணியம் உங்களுக்கு உண்டு. ஆனா இதைத் தின்னா நாரா எனக்கு இல்லைன்னு அன்னிக்கு ஆஸ்பத்திரியில வேண்டிக்கிட்டேன். நீங்க மழையில தூக்கிட்டுப் போனீங்களே, அந்த நாராவை."

அப்பாவின் முகத்தை என் வாழ்நாளில் அப்படிப் பார்த்ததில்லை. புதுச் சாமி பொட்டலத்தை மறுபடி மடித்து, சாப்பாட்டில் மிஞ்சியதை ஊராருக்குக் கொடுப்பதுபோல, அப்பா எதிரில் வைத்தார். அப்பா மூன்று முறை தரையில் நெற்றி பட விழுந்து கும்பிட்டார். வழக்கத்துக்குக் கும்பிடுவது வேறு, அது வேறு.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா வரப்பில் நின்று பொட்டலத்தை வாய்க்காலில் விட்டார். பிறகு, "நானும் நெனச்சா நிறுத்திடலாம்னு நாப்பது வருஷமா நெனச்சுக்கிட்டேதான் இருக்கேன் சம்லி" என்றார். சொல்லிவிட்டு விடுவிடுவென்று முன்னால் நடந்தார். அந்த வாரம் அவரே அனோங்கிடம் போய் உட்கார்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இப்போது மூன்று இலையில் நிற்கிறார். மூன்றுக்குக் கீழே இறங்கச் சொன்னால் என்னைத்தான் கடிக்க வருகிறார்.

எட்டாம் நாள் புதுச் சாமி இரண்டு மணி நேரம் தூங்கினார். பத்தாம் நாள் கஞ்சி போய்ச் சோறு வந்தது. "மீன் குழம்பு இவ்வளவு ருசியா இருக்கும்னு எனக்கு இத்தனை நாள் யாருமே சொல்லலியே" என்று பெரிய சாமியிடம் சொன்னாராம். வயிறு தானாக நேரத்துக்கு வேலை செய்தது. அதைச் சொல்லும்போது முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும். மனசு மட்டும் சும்மா இருக்கவில்லை. காரணமில்லாமல் துக்கம் வருகிறது, எதிலும் பிடிப்பில்லை, காற்றில் இலை வாசனை வந்தால் எச்சில் ஊறுகிறது என்றார். உடம்பு விட்ட பிறகும் மனசு விட மாசக்கணக்கில் ஆகும் என்று அனோங் முன்பே சொல்லியிருந்தாள். சொன்னது சரிதான். பின்னால் ஒரு நடவுக் காலத்தில் அவன் நான்கு நாள் இலைக்குத் திரும்பினான். ஐந்தாம் நாள் யாரும் கேட்காமலே என் வீட்டு வாசலில் வந்து நின்று, "தவறிட்டேன் அக்கா, அனோங்கிட்டக் கூட்டிட்டுப் போங்க" என்றான். அதன் பிறகு இன்றுவரை இல்லை.

ஆனால் எனக்கு மறக்காத நாள் பதினைந்தாம் நாள்தான். ஒன்பது மணி ஒன்பது நிமிஷத்துக்குத் துவராடை களைய நல்ல நேரம் குறித்திருந்தார்கள். ரம்பாய் அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். நாராவுக்குப் பாவாடை சட்டை. அப்பா நகம் வெட்டி, தலை வாரி வந்திருந்தார். நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். தாண்டிவிட்டார், குழந்தையின் பெயரால் எடுத்த சத்தியம் முடிந்தது, இனி யாரும் பயப்பட வேண்டாம்.

பெரிய சாமி நேரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். புதுச் சாமி எழுந்திருக்கவில்லை. ரம்பாயைப் பார்த்துப் பேசினார். வராந்தாவில் வேண்டிக்கொண்டதை எல்லார் முன்னாலும் முதல்தடவையாக அவளுக்குச் சொன்னார். அவள் சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இந்தப் பதினஞ்சு நாளும் நாரா பேரைச் சொல்லித்தான் தாங்கினேன்" என்றார். "கால் இழுத்தா அவ பேரு, தூக்கம் வரலேன்னா அவ பேரு. வேண்டுதல் இன்னியோட தீந்துபோச்சு. இப்ப வீட்டுக்கு வந்தேன்னா கொல்லையில இலை மரம் நிக்குது, என்னைத் தடுக்க ஒண்ணும் இல்ல. இன்னும் பதினஞ்சு நாள் இருக்கேன் ரம்பாய். இது யாருக்காகவும் இல்ல, எனக்காக. யார் பேரும் சொல்லாம என்னால முடியுதான்னு பாக்கணும். பருவம் போயிடும், தெரியும். பதினஞ்சு நாளா எனக்குப் பதிலாச் சீவின ஆளும் இன்னியோட போயிடுவான், ஒரு நாள் சீவாம விட்டாலே பாளை காஞ்சிடும். நீ சரின்னாத்தான்."

பதினாலு வயதிலிருந்து யாராவது ஒருத்தருக்காகவே மரம் ஏறின மனுஷன். அம்மாவுக்கு, தம்பிகளுக்கு, பெண்டாட்டிக்கு, மகளுக்கு. தனக்கென்று ஒன்று கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ரம்பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேய்த்த சட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்து, கைகூப்பினாள்.

"காஞ்சா காயட்டும் சாமி. அடுத்த வருஷமும் பனை பாளை விடும்" என்றாள்.